திங்கள், புதன், வெள்ளி

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசி டிரம்முக்கு மேலே ஒரு மரப்பலகை இருந்தது. சாமி படம் வைக்கத்தான் அப்பா அதை அடித்தார். 2004-இல் சாமி படத்துக்குப் பக்கத்தில் நாலைந்து அட்டைப்பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. சிவப்பு நிறம். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு மனிதரின் பெயர். அவருக்கு ஆறு மாதத்துக்கு வேண்டிய காசநோய் மாத்திரை மொத்தமும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது. இன்னொருவர் அதைத் தொடக்கூடாது. பாதியில் தீர்ந்துபோச்சு என்ற பேச்சே வரக்கூடாது என்பதற்காகத்தான் பெயர் போட்ட பெட்டி.

அம்மா மதுக்கரையில் பால்வாடி டீச்சர். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் டாட்ஸ் என்ற அரசுக் காசநோய்த் திட்டத்து மாத்திரைக்காரர்கள் வந்துவிடுவார்கள். திங்கள், புதன், வெள்ளி. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரே நின்று பார்த்து, அட்டையில் குறி போடுவார். ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. ரிஃபாம்பிசின் ஒன்று, ஐசோனியசிட் இரண்டு, பைராசினமைடு இரண்டு, எத்தாம்பூட்டால் இரண்டு. வெறும் வயிற்றில் ஏழையும் விழுங்கிவிட்டுச் சிலர் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். குமட்டல் அடங்க வேண்டும்.

அவர்களில் ஒருவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். சொந்தமில்லை, ஆனால் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். முதல் வாரமே அம்மாவிடம் பதறிக்கொண்டு வந்தார். "ஏனுங்க்கா, மூத்தரம் செவப்பாப் போகுதுங். ரத்தமுங்களா?" ரிஃபாம்பிசின் குடித்தால் அப்படித்தான் போகும் என்று அம்மா சொன்னபிறகே அவருக்கு மூச்சு வந்தது. அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. "காச்ச மாத்தர தெனமும் மூணு வேள குடுக்கறாங்கொ. இத்தன பெரிய சீக்குக்கு வாரத்துல மூணே நாளு போதுங்களா?"

அம்மா சொன்னார்: "மேல இருந்து அப்பிடித்தானுங்ண்ணா சொல்லியிருக்காங்க."

அந்த "மேல" எது என்று தேடிக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை. வாரம் மூன்று நாள் என்ற அந்த ஒற்றை வரிக்கும் ஒரு பிறந்த ஊர் உண்டு, அது போய்வந்த நாடுகள் உண்டு, ஓய்வுபெற்ற நாளும் உண்டு.

பிறந்த ஊருக்குப் போவதற்கு முன் ஒரு தலைமுறை பின்னால் போகவேண்டும். எங்கள் அமுச்சி காசநோய் என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. "பெருந்துறைக்குப் போயிட்டாங்க" என்பார். பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்ததால் கொங்கு நாட்டில் அந்த ஊர்ப்பெயரே நோயின் பெயராகிவிட்டது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை. உலகம் முழுக்கவே அன்று அதுதான் வைத்தியம். எந்த வைத்தியம் யாரைக் காப்பாற்றியது என்பதைப் பெரிய டாக்டரின் அனுபவம்தான் தீர்மானித்தது. பிழைத்தவரைக் காட்டி "என் வைத்தியம்" என்றார்கள். செத்தவரைக் காட்டி "வந்ததே தாமதம்" என்றார்கள்.

இந்தப் பேச்சை முதலில் உடைத்ததும் காசநோய்தான். 1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை வெளியிட்டது. கணக்குப் பார்த்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். அவரே இளவயதில் காசநோயில் படுத்து எழுந்தவர், டாக்டர் அல்ல, புள்ளியியல்காரர். மருந்து கொஞ்சமாகத்தான் கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்ற நிலையில், யாருக்கு என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல் மூடிய உறைக்குள் சீட்டாகப் போட்டுவைத்தார் ஹில். 107 நோயாளிகள். 55 பேருக்கு ஊசியும் படுக்கையும், 52 பேருக்குப் படுக்கை மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள், போடாதவர்களில் 14 பேர்.

பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பக்கம். ஐந்து ஆண்டு கழித்து அதே ஆட்களைக் கணக்கெடுத்தபோது 55 பேரில் 32 பேரும் 52 பேரில் 35 பேரும் போய்விட்டிருந்தார்கள். ஒற்றை மருந்தைக் கிருமி பழகிக்கொண்டது. ஆறு மாதத்தில் எழுதிய தீர்ப்பு பொய்யில்லை. ஆனால் அது ஆறு மாதத்துக்கான தீர்ப்பு. சான்று ஒன்றைக் கையில் எடுத்தால் அது எந்தக் கேள்விக்குப் பதில், எத்தனை நாளுக்குப் பதில் என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சரி, சென்னைக்கு வருவோம். 1956. சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நாலும் கூடி நடத்திய இடம். பொறுப்பேற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். இத்தனை படுக்கையை யாராலும் கட்டிமுடிக்க முடியாது. அப்படியானால் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் ஆகாதா?

கேட்கவே பலருக்கும் பதறியது. ஒரே அறை, ஏழெட்டுப் பேர், அரைவயிற்றுச் சாப்பாடு. அங்கே இருமுகிறவரை விட்டால் குடும்பமே போகாதா? இந்தப் பயத்துக்கு வாதத்தால் பதில் சொல்லாமல் சோதனையால் சொன்னார்கள். சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள். சீட்டு விழுந்தபடி பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் வீட்டுக்கு. இருவருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஓர் ஆண்டு. 1959-இல் முடிவு அச்சானது. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92. வீட்டிலிருந்தவர்களின் மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாக ஒட்டவில்லை. ஐந்தாண்டுப் பின்தொடர்தலில் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமம்.

உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. சேத்துப்பட்டில் கிடைத்த விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பணக்கார நாடுகளும் காசநோய்க்காரரை வீட்டுக்கு அனுப்பத் துணிந்தன. நம் ஊர் ஏழைகளின் உடம்பில் கிடைத்த பதில் அது. அவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சோதனையில் ஒரு சிக்கல் வெளிப்பட்டது. நம் கதையின் குழந்தை அதற்குள்தான் பிறந்தது. வீட்டில் மாத்திரை கொடுத்தால் குடிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்? பாஸ் மருந்தை நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். சேத்துப்பட்டு ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிவந்து மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். பலர் விட்டுவிட்டுத்தான் குடித்தார்கள். உடம்பு தேறியதும் மாத்திரையை மறப்பது மனித இயல்பு. சென்னைக்காரருக்கு மட்டும் உரிய குணம் இல்லை அது. தானே குடித்துக்கொள்ளும்படி விடுவதன் பிரச்சினையைப் பற்றி ஃபாக்ஸ் 1958-இலேயே எழுதினார்.

கண்முன்னால் குடிக்கவைப்பதுதான் வழி. ஆனால் கூலிவேலைக்குப் போகிறவர் தினமும் கிளினிக்குக்கு வரமுடியாது. வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால்? ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஆதாரம் ஒன்று கிடைத்திருந்தது. காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகும் உயிர். மருந்து பட்ட கிருமி, மருந்து போனபிறகும் சில நாள் எழுந்து பெருகாமல் முடங்கிக் கிடக்கும். அந்த முடக்கம் தீர்வதற்குள் அடுத்த வேளை விழுந்தால் போதும். அறுபதுகளில் சேத்துப்பட்டு இதையும் சோதித்தது. வாரம் இருமுறை கண்முன்னால் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியசிட்டும், தினமும் வீட்டில் குடிக்கும் மருந்துக்குக் குறையாத பலனைத் தந்தன. 1964-இல் அது அச்சில் வந்தது.

தினமும் வேண்டாம், விட்டு விட்டுக் கொடுக்கலாம் என்ற எண்ணம் அன்று பிறந்தது. நல்ல எண்ணம்தான். நோயாளியின் கூலியையும் நேரத்தையும் மதித்ததால் பிறந்த எண்ணம். அதை நான் இன்றும் குறைவாகப் பேசமாட்டேன்.

பிறகு அது கப்பலேறியது. ரிஃபாம்பிசின் வந்தது. ஃபாக்ஸ் லண்டனுக்குத் திரும்பி, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சோதனைகளை நடத்தும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பதினெட்டு மாதம், ஓராண்டு என்றிருந்த சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. ஹாங்காங்கில் வாரம் மூன்று நாள் முறை நன்றாகவே வேலை செய்தது. தான்சானியாவில் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த காரெல் ஸ்டிப்லோ என்ற மருத்துவர், சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று ஏட்டில் கணக்கு வைக்கும் ஒழுங்கைக் கட்டினார். 1993-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலை என்று அறிவித்தது. இவற்றையெல்லாம் சேர்த்து முடிந்த பொட்டலத்துக்கு டாட்ஸ் என்று பெயர் வந்தது. இந்தியா 1997-இல் அதை நாட்டுத் திட்டமாக எடுத்து, 2006-க்குள் எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோனது. சேத்துப்பட்டில் பிறந்த எண்ணம் உலகம் சுற்றிவிட்டு, சிவப்பு அட்டைப்பெட்டிக்குள் ஏறி, பாலக்காட்டுச் சாலையில் இறங்கி, எங்கள் வீட்டுப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

வழியில் எதுவும் தொலையவில்லையா? தொலைந்தது என்பதுதான் என் எண்ணம். மாத்திரை வந்தது, கிழமை வந்தது. இதை நாங்கள் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்ற குறிப்பு மட்டும் வரவில்லை. ஹாங்காங்கில் ஒழுங்கான கிளினிக்கில், ஒரு வேளையும் தவறாமல் கொடுத்துக் கிடைத்த பலன், பால்வாடியிலும் மளிகைக்கடையிலும் வைத்துக் கொடுக்கும்போது அப்படியே கிடைக்குமா? எய்ட்ஸ் கிருமி உள்ளவருக்குக் கிடைக்குமா? ஐசோனியசிட்டுக்கு ஏற்கெனவே அசையாத கிருமி உள்ளவருக்கு? இவையெல்லாம் வேறு கேள்விகள். அவற்றுக்கும் சேர்த்து "மேல இருந்து சொல்லியிருக்காங்க" என்பதே பதிலாயிற்று.

அந்த உறுதியை அளந்து எழுதும் வேலை வேறு ஊரில் தொடங்கியது. 1979-இல் கனடாவில் ஒரு குழு, மருத்துவப் பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் ஆதாரத்துக்குத் தரம் போட்டது. அதே நாட்டின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கார்டன் கையாட் உள்ளிட்டோர் 2000-இல் சேர்ந்து கிரேடு என்ற முறையை வடிக்கத் தொடங்கினார்கள். 2004-இல் அது வெளிவந்தது. 2007-இல் ஒரு ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள் பெரும்பாலும் நிபுணர்களின் வாய்ச்சொல்லையே நம்பியிருந்தன என்று எடுத்துக்காட்டியது. அந்த நிறுவனமும் கிரேடு முறைக்கு மாறியது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரி என்ன செய்கிறார் என்று பார்த்தவர்களுக்கு இந்த முறையை விளக்க வேண்டியதில்லை. விரலி வேறு, கிழங்கு வேறு என்று முதலில் பிரித்துவைப்பார்கள். ஆனால் விரலி என்பதற்காக மட்டும் விலை ஏறிவிடாது. ஒன்றை எடுத்து ஒடித்து உள்நிறம் பார்ப்பார். மூட்டையின் மேலே கைவிடுவார், அடியிலும் கைவிடுவார். கிரேடும் அப்படித்தான். சீட்டுப் போட்டு நடத்திய சோதனைக்கு முதலில் "உயர்ந்த நம்பகம்" என்ற இடம். சும்மா பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுக்குத் தொடக்கமே "குறைந்த நம்பகம்". பிறகு ஒடித்துப் பார்ப்பார்கள். நடத்திய விதத்தில் ஒருதலைச் சாய்வு உண்டா? ஒரு சோதனை சொன்னதை இன்னொன்று மறுக்கிறதா? சோதனையில் இருந்த ஆட்களும் நம் முன்னால் நிற்கும் ஆளும் ஒரே மாதிரியா? ஆட்கள் போதுமான அளவு இருந்தார்களா? சாதகமாக வந்ததை மட்டும் அச்சிட்டு, மற்றதை மறைத்தார்களா? ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்கலாம். பலன் மிகப் பெரிதாக இருந்தால் குறைந்த இடத்திலிருந்து ஏறவும் செய்யலாம். உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது, மிகக் குறைந்தது என்று நாலு படி.

சான்றின் தரமும் பரிந்துரையின் அழுத்தமும் வேறு வேறு என்று வைத்ததுதான் அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கணக்கு எவ்வளவு நம்பகம் என்பது ஒரு கேள்வி. அதை வைத்து என்ன செய்வது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதில் நோயாளிக்கு வரும் துன்பம், செலவு, அவருடைய விருப்பம் எல்லாம் சேரும். அதனால் பரிந்துரை "உறுதியானது" என்றோ "நிபந்தனைக்குட்பட்டது" என்றோ தனியாக எழுதப்படும்.

நம் வாரம் மூன்று நாளை இந்த மேசைமேல் வைத்தார்கள். 2010-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, தினமும் கொடுப்பதே சிறந்தது என்றது. ஒவ்வொரு வேளையும் கண்முன்னால் கொடுக்க முடிந்தால், எய்ட்ஸ் கிருமி இல்லாதவருக்கு வாரம் மூன்று நாளும் ஆகலாம் என்று இடம் விட்டது. 2017-இல் அந்த இடத்தையும் மூடியது. வாரம் மூன்று நாள் முறை எந்தக் கட்டத்திலும் பரிந்துரைக்கப்படவில்லை என்ற வரிக்குப் பக்கத்தில் இப்படித் தரம் எழுதியிருக்கிறது: நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை, சான்றின் நம்பகம் மிகக் குறைவு. புதிய நோயாளிகளுக்கு இயன்ற இடமெல்லாம் தினமும் கொடுப்பதே உகந்தது என்ற வரிக்கு எழுதியிருப்பது: உறுதியான பரிந்துரை, சான்றின் நம்பகம் உயர்ந்தது.

முதன்முறை படித்தபோது தலை சுற்றியது. ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள், இரண்டு தரமா? நிதானமாகப் பார்த்தால் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தினமும் கொடுத்தால் குணமாகும் என்பதற்கு ஆண்டுக்கணக்கான சோதனைகள் இருக்கின்றன. மூன்று நாள் கொடுத்தால் எவ்வளவு கெடும் என்று அளக்க, இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய நல்ல சோதனைகள் போதவில்லை. ஆனால் நோய் திரும்புவதும் கிருமி மருந்துக்குப் பழகுவதும் கூடுகிறது என்ற அறிகுறி திரும்பத் திரும்ப வருகிறது. பழகிய கிருமி ஒரு வீட்டோடு நிற்காது. தினமும் கொடுக்க மருந்தும் இருக்கிறது. நம்பகம் மிகக் குறைவாக இருந்தும் ஒரு பக்கம் சாயலாம், சாயும்போதே "எங்கள் உறுதி இவ்வளவுதான்" என்று எழுதியும் வைக்கலாம். அப்படி எழுதிய கையை நான் நம்புகிறேன்.

அறிகுறிகள் வந்த இடங்களில் ஒன்று, கதை தொடங்கிய அதே சேத்துப்பட்டு. அந்த மையம் 1978-இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறியிருந்தது. எய்ட்ஸ் கிருமியும் காசநோயும் சேர்ந்த நோயாளிகளிடம் வாரம் மூன்று நாள் முறை தடுமாறுவதை, சௌமியா சுவாமிநாதன் உள்ளிட்டோர் அங்கே 2010 வாக்கிலேயே எழுதினார்கள். பிறகு அதே நிறுவனம் அப்படி இரண்டும் சேர்ந்த 331 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, தினமும், முதல் கட்டம் மட்டும் தினமும், முழுக்க வாரம் மூன்று நாள் என்று கொடுத்துப் பார்த்தது. 2018-இல் வெளிவந்த முடிவில் நல்ல பலன் முறையே 91, 80, 77 சதவீதம். தான் பெற்ற பிள்ளையைத் தானே நிறுத்திக் கேள்வி கேட்டது அந்த இடம். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நாட்டுத் திட்டம் அவ்வளவு வேகமாகத் திரும்பவில்லை. ராமன் கக்கர் என்ற மருத்துவர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். 2017 ஜனவரியில் நீதிமன்றம், ஒன்பது மாதத்துக்குள் தினசரி முறைக்கு மாறும்படி சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் பெயர் எழுதிய பெட்டிகள் போய், உடல் எடைக்குத் தக்கபடி தினமும் விழுங்கும் கூட்டு மாத்திரைப் பட்டைகள் வந்தன. ஏழு மாத்திரை மூன்றாக, நாலாகச் சுருங்கியது. வாரம் மூன்று நாள் ஓய்வுபெற்றது.

இனி எங்கள் வீட்டுப் பலகை. மூட்டை தூக்கும் மாமா சிவப்புப் பெட்டியை முழுசாக முடித்தார். முதல் இரண்டு மாதம் 24 வேளை, எல்லாம் அம்மாவின் கண்முன்னால். அடுத்த நாலு மாதம் வாரத்தின் முதல் வேளை மட்டும் அம்மாவிடம், மற்ற இரண்டு வீட்டில். காலிப் பட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஒரு வாரம்கூடக் காட்டாமல் இருந்ததில்லை. சளியில் கிருமி இல்லை என்று வந்தது. தர்மலிங்கேஸ்வரர் மலைக்கு ஏறிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு எங்களுக்குப் பொங்கல் கொண்டுவந்தார்.

இரண்டு வருடம் போனது. மறுபடி இருமல். இந்த முறை பலகைக்கு நீலப் பெட்டி வந்தது. நோய் திரும்பியவர்களுக்கானது, எட்டு மாதம், முதல் இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் சேர்த்து. அம்மாவுக்கு அது தன்மேல் விழுந்த அடி. "நான் ஒருநாக்கூட வுடலயே கண்ணு" என்று பலநாள் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து கொடுப்பது பற்றிய ஒரு கூட்டத்தில், நோய் திரும்பினால் மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம் என்று யாரோ ஒரு அதிகாரி சொன்னாராம். அம்மா எழுந்து பதில் பேசவில்லை. அன்று இரவு அட்டையை எடுத்து ஒவ்வொரு குறியாக எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

2017 வழிகாட்டியின் அந்த இரண்டு வரிகளை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னது பல வருடம் கழித்து. கேட்டுவிட்டு அம்மா கேட்டார், "அப்ப அது மூணு நாளு குடுத்ததுனாலதான் திரும்புச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. அம்மாவின் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் தினமும் கொடுத்தவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. வேறொருவரிடமிருந்து புதிதாக ஒட்டியும் வரலாம். மாமா மூட்டைக்கு நடுவே மூச்சுவாங்கி வேலை செய்தார், சாப்பாடு அரைகுறை. ஒருவர் கதையை வைத்து ஒரு முறையைக் கண்டிக்கவும் முடியாது, மெச்சவும் முடியாது. தரம்பிரிக்கும் மேசையில் எங்கள் மாமா ஒற்றை ஆள், மிகக் குறைந்த நம்பகத்துக்கும் கீழே. இதை அம்மாவிடம் சொன்னேன். "ஆனா நீங்க வுட்டதுனாலதான்னு அந்த ஆள் சொன்னதுக்கும் ஆதாரம் இல்லீங்கம்மா. அது இதைவிடக் குறைவு." அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அதத்தான் அன்னிக்கே எவனாச்சும் சொல்லியிருக்கலாமல்ல" என்றார்.

சாப்பாடு என்றேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். 1959 சோதனையில் சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறினார்கள். வீட்டிலிருந்தவர்கள் அரைவயிறு. குணமானது ஏறத்தாழ ஒரே அளவு. இதைப் படித்தவர்கள் பலர், காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்ற முடிவுக்குத் தாவிவிட்டார்கள். அந்தச் சோதனை கேட்டதோ மருந்து குடிக்கும் இடத்தைப் பற்றி. 2023-இல் ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்டோர் சாப்பாட்டைப் பற்றி நேரடியாகவே கேட்டார்கள். 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர். உணவுப் பொருள் கூடுதலாகக் கிடைத்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைவு. இதற்குப் பதில் கிடைக்க அறுபத்துச் சொச்சம் ஆண்டு. கேட்காத கேள்விக்குப் பழைய சான்றிலிருந்து பதிலை இழுத்ததால் வந்த தாமதமும் அதில் சேரும்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டது. நோய் தெரிந்த அன்றே எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கமுடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிக மெலிந்தவரை, மூச்சு வாங்குகிறவரை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். எல்லோரையும் சானடோரியத்துக்கு என்பது ஒரு காலம், எல்லோரையும் வீட்டுக்கு என்பது ஒரு காலம். இப்போது யாரை எங்கே என்று கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் சின்னப் பொண்ணு. பையனின் ஆத்தாவுக்குத் துணையாக அம்மாவும் போயிருந்தார், நானும் நின்றேன். அந்தப் பொண்ணு கையோடு எடை மெஷின் கொண்டுவந்திருந்தது. பையனை நிறுத்தி எடை பார்த்து, கணுக்காலில் விரலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்து, விரல்நுனியில் ஆக்சிஜன் மானியை மாட்டி எழுதிக்கொண்டது. "தெனமும் மூணு மாத்தர தம்பி. ஒருநா வுடக்கூடாது."

அம்மா கேட்டார்: "தெனமும்ங்கறத எத்தன பேருகிட்டக் குடுத்துப் பாத்துச் சொல்றாங்க கண்ணு? எத்தன உறுதியாச் சொல்றாங்க?"

அந்தப் பொண்ணு மெஷினைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தது. "கேட்டுட்டு வந்து சொல்றேனுங்கம்மா" என்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தபோது, வாசலில் நின்றபடியே முதலில் அதைத்தான் சொன்னது.